வியாழக்கிழமைப் பச்சை

மரியநாதனுக்கு வாரத்தில் பிடித்த கிழமை ஞாயிறு. கிறிஸ்தவர், அதனால் பிடித்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பூசைக்கு அவர் சனிக்கிழமை சாயங்காலமே போய்வந்துவிடுவார். ஞாயிறு பிடித்ததற்குக் காரணம், அன்றைக்கு ஜோகூர் வேலை செய்தது, சிங்கப்பூர் வீட்டில் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலேசியாவின் தென்கோடி ஜோகூரில் பல வருஷமாக வெள்ளியும் சனியும்தான் விடுமுறையாக இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை அவர்கள் வேலை செய்வார்கள், இவர்கள் இருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வேலை செய்வார்கள், அவர்கள் பார்க்கமாட்டார்கள். சிங்கப்பூரோடு தொழில் செய்யும் பல கம்பெனிகள் இந்த வம்பே வேண்டாம் என்று அவர்களுடைய விடுமுறையையே எடுத்துக்கொண்டன. மரியநாதன் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை வெள்ளி சனிதான் என்று மேலிடத்துக்குக் காரணம் சொன்னார். உள்ளபடியே அவருக்கு அந்த ஞாயிறு தேவைப்பட்டது.

உலு திராமில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஆபீஸ். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றின் கிளை. சரக்குக் கிடங்குக்கு வரும் லாரி எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. கிளைக்குத் தலைவர் மரியநாதன். எழுதுகிறவர்களில் மூத்தவன் ரூபேந்திரன். எழுதியதைச் சோதித்துப் பார்ப்பவள் ஆப்ரின். இன்னும் இரண்டு மூன்று பேர் உண்டு. கதைக்கு அவர்கள் தேவையில்லை. ஆனால் கடைசியில் அவர்களும் சேர்ந்துதான் போனார்கள், பாவம்.

அந்த ஆபீசுக்கு ஒரு சர்வர் வந்ததே மரியநாதனால்தான். அதற்கு முன்னால் எழுதிய நிரல் எல்லாம் ரூபேந்திரனின் மேசைக்கடியில் ஒரு கணினியில் கிடக்கும். யாருக்கு என்ன வேலை என்பது எக்செல்லில். எங்கே என்ன உடைந்திருக்கிறது என்பது வாட்ஸ்அப்பில், பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில். ஒரு தடவை பழைய நிரலையே புதிது என்று வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, அதை யார் அனுப்பினார் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு மரியநாதன் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்கும் ஒரு சர்வரை வாங்க வைத்தார். யார் எந்த வேலையை எடுத்தார், என்ன எழுதினார், யார் சோதித்தார், எப்போது வெளியே போனது, எல்லாம் ஒரே இடத்தில். அழித்தாலும் அழித்த தடம் இருக்கும்.

"இனிமே யாரும் யாரையும் பாத்து, நீ சொல்லல, நான் கேக்கலன்னு சொல்ல முடியாது" என்று அன்றைக்கு எல்லாருக்கும் நாசி பிரியாணி வாங்கிக் கொடுத்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்டதோடு பிரியாணியும் வாங்கிக் கொடுத்தது.

அந்தச் சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. எடுக்காத வேலை சிவப்பு, நடக்கிற வேலை மஞ்சள், சோதித்து முடிந்தது பச்சை. எழுதியவனே தன் வேலைக்குப் பச்சை போட்டுக்கொள்ளக் கூடாது என்று விதி வைத்தவரும் மரியநாதன்தான். சோதிக்கிறவர்தான் போட வேண்டும். அதாவது ஆப்ரின்.

ஆப்ரின் மூவார்க்காரி. அவளுடைய அத்தாவுக்கு அங்கே சாப்பாட்டுக்கடை. அண்ணன்மார், அக்காமார் எல்லாரும் ஏதோ ஒரு வயதில் அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவே இல்லை. இவள் ஒருத்திதான் படிக்கிறேன் என்று கிளம்பி, படித்து, உலு திராமில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். வேலை இருக்கிற வரைக்கும் இரு, வேலை இல்லையென்றால் ஊருக்கு வந்துவிடு என்பது அத்தாவோடு பேச்சு. வேலையில் அவள் கெட்டிக்காரி. லாரி எண்ணைப் போட வேண்டிய இடத்தில் தன் பெயரைப் போட்டுப் பார்ப்பாள். ஒரே லாரியை இரண்டு வாசலுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்ப்பாள். "நீ மனுஷியா, பேயா?" என்று ரூபேந்திரன் கேட்பான். "டிரைவர்மாருங்க இதவிட மோசமா செய்வாங்க அண்ணே" என்பாள்.

சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை காலை வாடிக்கையாளர் வந்து உட்காருவார். பெரிய திரையில் அந்த அட்டைகளைக் காட்டுவார்கள். காட்டுகிறவர் ஷர்மினி. தலைமை அலுவலகத்தில் எல்லாத் திட்டங்களையும் மேய்க்கிறவர், மரியநாதனைவிடப் பத்து வயது சின்னவர், அவருக்கு மேலதிகாரி. சர்வர் வந்த புதிதில் ஷர்மினி ஒரு வெள்ளிக்கிழமை அழைத்து, "ஜோகூர் பக்கம் மட்டும் ஏன் எப்பவும் பாதி மஞ்சளாவே நிக்குது? மேல கேள்வி வருது மரியநாதன். அந்தக் கிளை தேவையான்னு கேக்குறாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் மரியநாதனை ஆட்டிவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஆப்ரினின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஆப்ரின், அந்த மிச்ச கார்டெல்லாம் பச்ச போட்டுர முடியுமா?"

"இன்னும் டெஸ்ட் பண்ணலயே சார்."

"ஞாயித்துக்கெழம வந்து திரும்பத் தொறந்துக்கலாம். நாளைக்கு அவங்க பாக்குறதுக்குத்தான். கஸ்டமருக்கு எப்படியும் திங்கக்கெழமதானே போகுது."

அவள் திரையில் மிச்சமிருந்த அட்டைகளை எண்ணினாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. ஒரு நாளைக்குத்தான்."

ஒரு நாளைக்குத்தான் என்று தொடங்கியது எது ஒரு நாளோடு நின்றிருக்கிறது? வியாழக்கிழமை பச்சை போடுவதும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதும், உண்மையாகச் சோதித்து, உடைந்ததைச் சரிசெய்து, திங்கட்கிழமை விடியும்முன் மறுபடி பச்சையாக்குவதும் ஆபீஸ் வழக்கமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சோதிக்காத எதையும் அவர்கள் வெளியே விட்டதில்லை. ஒரு லாரிகூடத் தவறான வாசலில் போய் நிற்கவில்லை. மரியநாதன் இதைத் தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

பிறகு, இரண்டாயிரத்து இருபத்தைந்து பிறந்தபோது, ஜோகூரின் விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறியது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. டொரத்தி, மரியநாதனின் மனைவி, இனிமேல் ஞாயிற்றுப் பூசைக்கே குடும்பத்தோடு போகலாம் என்று புதுச் சேலை எடுத்தாள். மரியநாதனுக்குக் காலடியில் மண் சரிந்தது. ஒளிந்துகொள்ள இருந்த ஒரே நாள் போய்விட்டது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மஞ்சளை மஞ்சளாகவே காட்டி, வாங்குகிற ஏச்சை வாங்கியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நாள் பச்சையாக இருந்தது திடீரென்று மஞ்சளானால் கேட்கமாட்டார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அதை வெளியே எடுக்கவும் வழி தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும், மதியம் அட்டைகளைத் திறக்கத் தொடங்கினார்கள். இப்போது பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. காலையில் வாடிக்கையாளருக்குப் பச்சையாகக் காட்டியது, ஷர்மினி மதியச் சாப்பாடு முடித்து வந்து உட்கார்ந்தபோது கண்ணெதிரே மஞ்சளாக மாறியது.

அவர் சர்வரிடம் கேட்டார். சர்வர் பழைய ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் சேர்த்து எடுத்து நீட்டியது.

"ஆப்ரின் பாஸ் பண்ணுறாங்க, அப்புறம் அவங்களே திரும்பத் தொறக்குறாங்க. எல்லா வாரமும்" என்றார் ஷர்மினி, அடுத்த திங்கட்கிழமை திரைவழி அழைப்பில். மரியநாதன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அவசரக்காரங்களா, கவனக்குறைவான்னு எனக்குத் தெரியல. மேல ஒரு ஆள கொறைக்கச் சொல்றாங்க. அவங்களதான் கொறைக்கணும். கவுரவமாத்தான் அனுப்புவேன், வேல கொறஞ்சிருச்சுன்னு நல்ல லெட்டர் குடுத்து. ரகசியமா வச்சுக்குங்க. கெளைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்குறேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போவதாக இருந்தது. ஆனால் அந்தத் தலைப்பாகை ஒரு பெண். மரியநாதன் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

சொன்னது அவர். அழுத்தியது அவள் விரல். சொன்ன சொல் சர்வரில் எங்கேயும் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வாயால் சொன்னதைப் பதிந்துவைக்க எந்தச் சர்வருக்கும் காது கிடையாது.

"நீங்க சொல்லித்தானே அந்தப் புள்ள செஞ்சது" என்றாள் டொரத்தி.

"அதான். போய்ச் சொல்லப்போறேன்."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? தெரிஞ்சா ஒடஞ்சி போயிரும். அதுக்குத் தெரியாமலேயே முடிச்சிரலாம்."

டொரத்தி ஏதோ சொல்ல வந்தாள். அவர் அதற்குள் எழுந்து கைகழுவப் போய்விட்டார். நல்லவனாவது என்று முடிவு செய்துவிட்ட மனிதனைப் பிடித்து நிறுத்துவது லேசில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார். பாலத்து நெரிசலில் நின்றுகொண்டே, சின்ன வயதில் லாபிஸ் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோது மனப்பாடம் செய்ததுபோல, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. தன் வேலை போகும், அவள் வேலை நிற்கும். கணக்கு நேராக இருந்தது.

ஷர்மினி கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, சாமியார் கேட்பதுபோலவே கேட்டார்.

"எத்தன தடவ?"

"எல்லா வாரமும் மிஸ் ஷர்மினி. நாந்தான் சொன்னேன். அந்தப் புள்ள மேல தப்பே இல்ல."

"எந்தெந்தக் கார்டு?"

மரியநாதன் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உண்மையாகச் சோதித்துப் போட்ட பச்சையும், வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்காகப் போட்ட பச்சையும் சர்வரில் ஒரே பச்சை. இரண்டிலும் ஆப்ரின் பெயர்தான் இருந்தது.

"திரும்பத் தொறந்ததெல்லாம் பொய்ப் பச்ச, சரி" என்றார் ஷர்மினி. "தொறக்காத மிச்சம்? அதுல எது நெசம்னு நான் எப்படிச் சொல்வேன்? நீங்க சொல்லுவீங்களா? நீங்க சொன்னா கஸ்டமர் நம்புவாங்களா?"

"வெளிய போனது எல்லாமே டெஸ்ட் பண்ணினதுதான்."

"யாரு சொல்றா? பொய்ப் பச்ச போடச் சொன்னவர் சொல்றீங்க." ஷர்மினி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. "நேத்து வரைக்கும் இது கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு நான் ஒரு ஆள கவுரவமா அனுப்பலாம். இப்போ இதுக்குப் பேரு வேற. கேட்டுட்டு நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது மரியநாதன். கஸ்டமர்கிட்ட சொல்லியாகணும். நான் மேல பேசுற வரைக்கும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க."

கோயிலில் என்றால் அபராதமாக மூன்று தடவை 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து வரலாம். இங்கே எழுந்து வர மட்டும்தான் முடிந்தது.

ஆனால் மனிதனுக்கு நப்பாசை விடுவதில்லை. திரும்பி வருகிற வழியில், மேலிடம் தன்னை மட்டும் பலி வாங்கிக்கொண்டு விட்டுவிடும் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டார். அடுத்த சில நாள் ஆபீசில் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துப் பேசினார், மதியத்தில் எல்லாருக்கும் வாழைப்பழம் பொரித்த கோரேங் பீசாங் வாங்கி வந்தார். ஆப்ரின் அந்த நாள்களில் கொஞ்சம் அமைதியாக இருந்தாள். தன் அலமாரியைச் சுத்தம் செய்தாள். தான் சோதிக்கும் முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக ரூபேந்திரனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மரியநாதன் அதைப் பார்த்தார், பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மதியம் எல்லாரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டார்கள். ஷர்மினி பேசவில்லை. அவருக்கும் மேலே இருந்த ஒருவர், இவர்கள் யாரும் முன்பின் பார்த்திராதவர், ஆங்கிலத்தில் வாசித்தார். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். ஜோகூர்க் கிளை மூடப்படுகிறது. மற்றவர்கள் வேலைக்குறைப்பில் போகிறார்கள். இருவர் மட்டும், சோதனைப் பதிவுகளில் பொய் எழுதியதற்காக நீக்கப்படுகிறார்கள். ஒருவர் எழுதச் சொன்னதற்காக. ஒருவர் பொய் என்று தெரிந்தும் எழுதியதற்காக.

"அலமாக், போச்சு" என்றான் ரூபேந்திரன், மெதுவாக. அவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. மரியநாதன் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவருக்கு அழுகை வந்தது, அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டார்.

ஆப்ரின் எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"நான் சொல்லிட்டேம்மா. எல்லாமே நான் சொல்லித்தான் நீ செஞ்சேன்னு நேர்லயே போய்ச் சொன்னேன். ஒன்ன காப்பாத்தத்தான் போனேன். அவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு..."

"எப்ப போனீங்க?"

"போன வாரம்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு முந்தியே மிஸ் ஷர்மினி என்கிட்ட பேசிட்டாங்க சார். ஒரு ஆள் போகணும், நீதான்னாங்க. உங்க பேர இழுக்கலாமான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன். இழுத்தா கெள போயிரும்னு தெரியும். ரூபன் அண்ணனுக்கு இப்பதான் கொழந்த. அதனால சரின்னுட்டேன். அவங்களே சிங்கப்பூர்ல ஒரு கம்பெனிக்குச் சொல்லிவிட்டாங்க. இன்டர்வியூ முடிஞ்சிருச்சு. அடுத்த மாசம் வரச் சொன்னாங்க." அவள் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். "இன்னைக்குக் காலைலதான் வர வேணாம்னு மெசேஜ் வந்துச்சு. ஏன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன். டெஸ்ட் பண்ணாம பாஸ் போட்டவள இனிமே எவன் சார் டெஸ்டரா எடுப்பான்?"

"ஆப்ரின், நான் வந்து..."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, போகாதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

"ஒனக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேம்மா. மனசு கஷ்டப்படுவேன்னு."

"யாரு மனசு சார்?"

மரியநாதனுக்கு, பஸ்ஸில் நின்றபோது பயத்துக்கு அடியில் இருந்த அந்த நிம்மதி ஞாபகம் வந்தது. அது யாருடைய நிம்மதி என்று இப்போதுதான் விளங்கியது.

ஆப்ரின் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பொய் சொல்லணும்னப்போ வாராவாரம் என் பக்கத்துல வந்து நின்னு கேட்டீங்க. உண்மையச் சொல்றதுக்கு ஒரு தடவகூட கேக்கல."

மன்னிப்புக் கேட்க அவர் வாயெடுத்தார். அதைக் கேட்க அவள் நிற்கவில்லை, பையை எடுக்க உள்ளே போய்விட்டாள்.